வழி சொல்பவன் கடன்

நேயர்களே, ஞாயிறு காலையில் குடும்பத்தினர் யாவரும் கைமாற்றிக் கைமாற்றிப் படிக்கும் இப்பகுதியிலே பியரைப் பற்றி எழுதலாமா என்று நாமே எம்மைப் பலமுறை கேட்டுக்கொண்டோம். எழுதத்தான் வேண்டும் என்று முடிவு செய்தமைக்குக் காரணம், அண்மையில் எமது வீட்டிற்கு வந்த ஓர் இளைஞன். முழுவதையும் படித்த பின்னர் எம்மைக் கோபிப்பதானால் கோபியுங்கள். பாதியில் தாளை மடித்துவிட வேண்டாம்.

வெள்ளவத்தையிலே, காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றிலே எமது வீடு இருக்கின்றது. ரயில் போகும் போதெல்லாம் யன்னற் கண்ணாடி அதிரும். பேச்சு அரைநிமிடம் நின்று மீண்டும் தொடரும். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களிலே பழைய மாணாக்கர் சிலர் அங்கு வருவதுண்டு. நற்சான்றுப் பத்திரத்திற்காக வருவோர் சிலர். கலியாண அழைப்பிதழிலே சந்திப்பிழை திருத்துவிக்க வருவோர் சிலர். அன்று வந்தவன் கொட்டாஞ்சேனைப் பையன். பத்து ஆண்டுகளுக்கு முன்னர் உயர்தர வகுப்பிலே எம்மிடம் தமிழ் கற்றவன். இப்பொழுது மென்பொருள் நிறுவனம் ஒன்றிலே, கைத்தொலைபேசிச் செயலிகளை வடிவமைக்கும் வேலையில் இருக்கின்றான்.

"சேர், கொஞ்சம் தமிழ்ச் சொல்லுத் தேவைப்படுது" என்றான்.

எமக்கு மகிழ்ச்சி. தமிழ்ச் சொல் தேடி வருவோர் இக்காலத்தில் எத்தனை பேர்! "எதற்குத் தம்பி?" என்று கேட்டோம்.

அவன் சற்றுத் தயங்கினான். "கைவினைப் பியர் எண்டு ஒரு வகை இருக்குது, சேர். சின்னச் சின்ன வடிசாலைகளிலை செய்யிறது. அதைப் பற்றி ஒண்டும் தெரியாத ஆக்களுக்கு, எது எப்பிடி இருக்கும், தங்களுக்கு எது பொருந்தும் எண்டு காட்டுற செயலி. வெளிநாட்டுக் கொம்பனிக்குச் செய்து குடுக்கிறம். ரொறன்ரோவிலையும் லண்டனிலையும் எங்கடை ஆக்கள் இருக்கினமெல்லே, அவைக்குத் தமிழிலையும் வேணுமாம்."

தேநீர் கொண்டுவந்த எமது மனைவியார், பியர் என்ற சொல் காதில் விழுந்ததும் தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். கதவோரத்தை விட்டு அப்பாற் போகவில்லை என்பது வளையலோசையால் தெரிந்தது.

அவனுடைய தந்தையாரை நாம் அறிவோம். துறைமுகத்திலே நல்ல உத்தியோகம் பார்த்தவர். வேலை முடிந்ததும் தவறணைக்குப் போவார். வீட்டிற்கு எப்பொழுது வருவார், எப்படி வருவார் என்பது ஒருவருக்கும் தெரியாது. பையன் உயர்தரப் பரீட்சை எழுதிய ஆண்டிலேயே ஈரல் நோயினால் இறந்துபோனார். அந்நாட்களிலே அவன் கண் சிவந்து, உறக்கமின்றி வகுப்பிற்கு வந்ததை நாம் கண்டோம். காரணத்தையும் அறிந்திருந்தோம். ஆயினும் அவனை அழைத்து ஒரு சொல் கேட்கவில்லை. பிறர் வீட்டு விடயம் என்று வாளாவிருந்துவிட்டோம். அது எமது மனத்திலே இன்னும் ஆறாத ஒரு குறை.

ஆதலால் அன்று எமது வாயிலிருந்து வந்த சொல் சிறிது கடுமையாகவே வந்தது. "உனக்கா இந்த வேலை, தம்பி?"

அவன் தலை குனிந்திருந்தான். ரயில் ஒன்று கடந்து போயிற்று. அது போன பின்னர் மெல்லச் சொன்னான்: "நான் மாட்டனெண்டால் பக்கத்து மேசைக்காரன் செய்வான், சேர். அவன் என்ரை அப்பாவைக் கண்டவனில்லை. நான் கண்டனான்."

இதற்கு எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. "சரி, காட்டு" என்றோம்.

இவ்விடத்திலே, விடயத்தை அறியாத நேயர்களுக்குச் சிறிது விளக்கம் கூறல் வேண்டும். பியர் என்பது பார்லித் தானியம், ஹொப்ஸ் எனப்படும் கொடியின் பூங்காய், நொதி, நீர் என்ற நான்கினால் ஆவது. பார்லியை ஊறவைத்து முளைகட்டச் செய்து, உலர்த்தி வறுப்பார்கள். இளவறுவலாயின் பொன்னிறம், கருக வறுத்தால் கறுப்புப் பியர். கோப்பிக்கொட்டை வறுக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஹொப்ஸ் கைப்பையும் மணத்தையும் தரும். அப்பத்திற்குக் கரைத்த மாவை இராப்பொழுதிலே பொங்கச் செய்கின்ற அதே இனத்து நுண்ணுயிர்தான் இங்கும் நொதியாக நின்று வெல்லச் சத்தை மதுசாரமாக மாற்றுகின்றது. ஏறக்குறைய 20 பாகை வெப்பத்திலே நொதிப்பது ஏல் என்ற வகை. 10 பாகை அளவான குளிரிலே மெல்ல நொதிப்பது லாகர் என்ற வகை. டென்மார்க்கிலே, கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில், எமில் கிறிஸ்டியன் ஹான்சன் என்ற அறிஞர் 1883ஆம் ஆண்டு நொதியைத் தனியாகப் பிரித்து வளர்க்க வழி கண்ட பின்னர், எந்த ஊரிலும் எந்நாளும் ஒரேமாதிரியான லாகரைச் செய்தல் இலகுவாயிற்று. பெருநிறுவனங்களும் பெருகின.

அமெரிக்காவிலே 1978ஆம் ஆண்டளவில் எஞ்சியிருந்த வடிசாலைகள் 100க்கும் குறைவு. அவற்றுட் பெரும்பாலானவை ஒரே சுவையான மென்பியரையே வார்த்தன. இதற்கு மாறாக, பழைய முறையிலே, சிறிய அளவிலே, ஊருக்கு ஊர் வேறான சுவையிலே செய்ய வேண்டும் என்று சிலர் எழுந்தனர். சான் பிரான்சிஸ்கோ நகரில் மூடப்படும் நிலையிலிருந்த ஆங்கர் வடிசாலையை 1965இல் பிரிட்ஸ் மேட்டாக் என்பவர் வாங்கினார். 1976இல் ஜாக் மக்கோலிவ் என்பவர் சொனோமாவிலே நியூ அல்பியன் என்ற சிறு வடிசாலையைத் தொடங்கினார். 1978இல் சனாதிபதி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம், வீட்டிலே பியர் வடித்தலுக்கு இருந்த தடையை நீக்கிற்று. இன்று அந்நாட்டிலே 9,000க்கும் மேற்பட்ட வடிசாலைகள் உள. இந்தியாவிலும் புனே நகரிலே 2009இல் டூலாலி என்ற சிறு வடிசாலை தோன்றியது. பெங்களூரிலும் பின்னர் பல தோன்றின.

ஐந்தாறு பெயர்கள் மாத்திரம் இருந்தபோது வழிகாட்டி ஒருவரும் தேவைப்படவில்லை. ஆயிரக்கணக்காகப் பெயர்கள் பெருகியதும் புதிதாக வருபவன் திகைத்து நின்றான். அவனுக்கு முதலில் வழி சொன்னவர்களுள் ஒருவர் மைக்கல் ஜக்சன் என்ற ஆங்கில எழுத்தாளர். உலகப் பியர் வகைகளை இனம் பிரித்து அவர் எழுதிய நூல் 1977இல் வெளிவந்தது. எமது நாட்டின் லயன் ஸ்டவுட் என்னும் கறும்பியரைப் பிறநாட்டார் அறியச் செய்தவரும் அவரே. 1881 முதல் நுவரெலியாக் குளிரிலே வடிக்கப்பட்டு, பின்னர் பியகமைக்கு இடம்பெயர்ந்த தொழில் அது. ஜக்சன் 2007இல் மறைந்தார். அதற்குள் புத்தகத்தின் இடத்தைக் கணினி பிடித்துக்கொண்டது. 2010இல் அமெரிக்காவிலே அன்டாப்ட் என்ற செயலி தோன்றியது. குடித்ததைப் பதிந்து, ஐந்து நட்சத்திர அளவிலே மதிப்பிட்டு, நண்பருக்குக் காட்டலாம். பதிவுகளுக்கேற்ப இலச்சினைகளும் கிடைக்கும். எமது மாணாக்கன் செய்துகொண்டிருந்ததும் அவ்வழியில் வந்த ஒன்றே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகின்றோம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், இந்நாட்டிலே 21 வயதிற்குட்பட்டோருக்கு மதுசாரம் விற்றலையும், மதுசார விளம்பரத்தையும் விலக்குகின்றது. ஆகவே அச்செயலி இங்கு பரப்புவதற்கென்று ஆனதன்று. பையன் அதனை முதலிலேயே விசாரித்து வைத்திருந்தான்.

இனி, செயலிக்கு வருவோம். முதலாவது திரையைத் திறந்து எமது கையிலே தந்தான். எழுபது, எண்பது பெயர்கள் வரிசையாக நின்றன. மேலே ஒரு வசனம்: "உமக்கு விருப்பமான ஐந்து வகைகளைத் தெரிவு செய்க."

நாம் ஆயுளிலே ஒரு துளி பியரும் அருந்தியவர் அல்லர். அந்த வகையிலே, தொடக்கநிலையாளருக்கான செயலியைச் சோதிக்க எம்மைவிடத் தகுதியானவர் வெள்ளவத்தையிலே கிடைப்பது அரிது. "தம்பி, ஒன்றும் தெரியாதவனுக்கு என்கிறாய். முதற் கேள்வியே தெரிந்தவனிடம் கேட்கும் கேள்வியாக இருக்கிறதே! அரிச்சுவடி தொடக்க வந்த பிள்ளையிடம், எந்த எழுத்துப் பிடிக்கும் என்று யாராவது கேட்பார்களா?" என்றோம்.

அவன் சிரித்தான். சிரித்த பின்னர் யோசித்தான். இத்துறையிலே நிபுணர்களுக்குச் சொற்குறைவில்லை. மோர்ட்டன் மெயில்கார்ட் என்ற டேனிய அறிஞர் 1970களிலே வகுத்த பியர்ச் சுவைச் சக்கரத்திலே நூற்றுக்கு மேற்பட்ட சொற்கள் உண்டு. சுவைத்துச் சோதிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு அது பெரும் பயனுடையது. நேற்று வந்தவனுக்கோ அது காடு. அவனிடம் அவன் அறிந்ததைக் கேட்க வேண்டும். அறியாததை அதிலிருந்து நாம் சொல்ல வேண்டும்.

எனவே இருவருமாக அமர்ந்து புதிய கேள்விகள் எழுதினோம். பால் விடாத கோப்பி குடிப்பீரா? பாகற்காய்க் கறியை விரும்புவீரா, ஒதுக்கி வைப்பீரா? புளித்த மோர் பிடிக்குமா? கராம்பு மணம் எப்படி? இக்கேள்விகளுக்கு விடை சொல்லத் தெரியாத தமிழர் உலகில் எங்குமில்லை. பால் விடாத கோப்பியை விரும்புபவனுக்குக் கருக வறுத்த ஸ்டவுட் அந்நியமாகத் தோன்றாது. பாகற்காயை ஒதுக்குபவனை ஐ.பி.ஏ. என்ற வகையிடம் முதலிலே அனுப்பலாகாது. கைப்பை அளக்கும் எண் ஒன்று உண்டு; மென்லாகரில் அது 10 அளவிலே நிற்கும், ஐ.பி.ஏ. வகையிலோ 40 முதல் 70 வரையும் ஏறும். மோர்ப் புளிப்பை விரும்புபவனுக்கு பெல்ஜிய நாட்டுப் புளிப்பு வகைகள் உள. ஜெர்மனியரின் கோதுமைப் பியரிலே, கராம்பும் வாழைப்பழமும் சேர்க்காமலே, நொதியின் வேலையாலே அவ்விரு மணங்களும் எழும். இவ்வாறு விடைகளைக் கேட்டு, எண்பது பெயருக்குப் பதிலாக மூன்றை மாத்திரம் காட்டி, ஒவ்வொன்றையும் ஏன் காட்டுகின்றோம் என்று ஒரு வரியிலே சொன்னாற் போதும் என்று தீர்மானித்தோம்.

கைப்பு, புளிப்பு, துவர்ப்பு, கார்ப்பு, உவர்ப்பு, இனிப்பு என்று அறுசுவைக்கும் பெயர் வைத்திருக்கும் மொழிக்கு இவ்விடத்திலே சொல் வறுமை ஏது? அவன் வேகமாக எழுதிக்கொண்டான்.

எழுதிக்கொண்டிருந்தவன் திடீரென்று, "சேர், வகுப்பிலை ஆற்றுப்படை எண்டு படிப்பிச்சனீங்கள், ஞாபகமிருக்கோ?" என்று கேட்டான்.

அக்கேள்வி எம்மை விழிப்படையச் செய்தது. எம்மிடம் இருந்ததையே எமக்கு அவன் எடுத்துத் தந்தான். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், பசியோடு எதிரே வரும் பாணனைக் கண்டு, தான் போய்வந்த வழியை அவனுக்குச் சொல்வதே ஆற்றுப்படை. பத்துப்பாட்டிலே ஐந்து பாட்டுக்கள் அவ்வகையின. சொல்பவன் தானே நடந்தவன். கேட்பவனின் களைப்பையும் பசியையும் முதலிலே கண்டு பேசுகின்றவன். எந்த ஊரில் எவர் மனையில் என்ன கிடைக்கும் என்று ஒழுங்காகச் சொல்கின்றவன். பெரும்பாணாற்றுப்படையிலே காஞ்சிக்குப் போகும் வழி அவ்வாறு விரிகின்றது. வலைஞர் குடியிருப்பிலே, குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டிலே ஆற்றி, அடை கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியிலே விளையவைத்து வடித்த மதுவும் சுட்ட மீனும் கிடைக்கும் என்று பாணன் சொல்கின்றான். தானியத்தினால், வீட்டிலே, சிறிய அளவிலே வடிப்பது. இன்று கைவினை என்று போற்றப்படுவதும் இதைத்தானே! அதே பாணன், அந்தணர் மனையிலே சோறும், வெண்ணெயில் வெந்த மாதுளங்காயும், மாவடு ஊறுகாயும் கிடைக்கும் என்றும் சொல்கின்றான். குடியாதவனும் அவ்வழியிலே பசியோடு போகமாட்டான்.

"அப்படியானால் உனது செயலியிலே குடியாதவனுக்கு என்ன வைத்திருக்கிறாய்?" என்று கேட்டோம். மதுசாரம் நீக்கிய பியர் வகைகளும் இப்பொழுது உள என்றும், அவற்றை எங்கோ கடைசிப் பக்கத்திலே போட்டிருப்பதாகவும் சொன்னான். அவற்றையும் முன்திரைக்குக் கொண்டுவருவதாகக் குறித்துக்கொண்டான்.

ஆற்றுப்படை இன்னுமொன்றைக் கற்பிக்கின்றது. மலைபடுகடாத்திலே வழி சொல்பவன் நன்மைகளை மாத்திரம் சொல்லி நிறுத்தவில்லை. பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்புறையும் இடம் எது, கவண்கல் எத்திசையிலிருந்து வரும், கால் வழுக்கும் பாறை எது என்று இடர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்கின்றான். வழி சொல்பவனுக்கும் விற்பனைக்காரனுக்கும் உள்ள வேற்றுமை இதுவே. விற்பனைக்காரன் இனிப்பை மாத்திரம் சொல்வான்.

பியரிலே வழுக்கும் பாறை அதன் வலு. பையனின் திரையிலே பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. மதுசார வீதமோ எறும்பளவு எழுத்திலே, ஒரு மூலையில் இருந்தது. நாம் தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டோம். லயன் லாகரிலே மதுசாரம் நூற்றுக்கு 4.8 வீதம், லயன் ஸ்டவுட்டிலே 8.8 வீதம். இரண்டும் ஒரே அளவான 500 மில்லிலீற்றர்ப் பேணியிலே இருந்தால், முன்னையதில் தனி மதுசாரம் 24 மில்லிலீற்றர், பின்னையதில் 44 மில்லிலீற்றர். கைக்கு இரண்டும் ஒன்றுதான். ஈரலுக்கு ஒன்று மற்றையதின் இருமடங்கை நெருங்குகின்றது. பிரித்தானிய சுகாதாரத் துறையினர் 10 மில்லிலீற்றர் தனி மதுசாரத்தை ஓர் அலகு என்று கொண்டு, வாரத்திற்கு 14 அலகைத் தாண்டலாகாது என்று 2016இல் அறிவுரை கூறினர். அந்தக் கணக்கிலே அவ்வகைக் கறும்பியர் மூன்று பேணி 13.2 அலகு, ஒரே இரவிலே ஒரு வாரத்தின் எல்லை வந்துவிடும். உலக சுகாதார நிறுவனமோ 2023இல், தீங்கற்ற அளவு என்று ஒன்றில்லை என்றே கூறிவிட்டது. தெரிந்து குடிப்பவனுக்கு இவை பழைய செய்தி. தெரியாமல் வருபவனுக்கன்றோ சொல்ல வேண்டும்!

வலுவைப் பெயருக்கு அருகிலே, பெயரளவான எழுத்திலேயே போடுவதென்று முடிவாயிற்று. அவன் எழுந்தபோது இருட்டிவிட்டது. வாயிலில் நின்று ஒன்று சொன்னோம்: "இதைச் செய்பவர்கள் எல்லோரும் விடயம் தெரிந்தவர்கள். ஒன்றுமே தெரியாத ஒருவரிடம் கொடுத்து, பக்கத்திலே பேசாமல் இருந்து பார். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கேதான் உன் பிழை இருக்கும்."

இரண்டு வாரம் கழித்து மீண்டும் வந்தான். கையிலே ஒரு பொதி. அவனுடைய தாயார் சுட்டு அனுப்பிய பனங்காய்ப் பணியாரம். இம்முறை எமது மனைவியாரும் கதவோரத்தில் நிற்காமல் வந்து கதிரையிலே அமர்ந்துகொண்டார்.

"அம்மாட்டைக் குடுத்தன், சேர்" என்றான்.

நாம் திடுக்கிட்டோம். ஒன்றும் தெரியாதவரிடம் காட்டு என்றபோது, அவன் அந்த அம்மாவிடம் கொண்டுபோவான் என்று நாம் நினைக்கவில்லை. கொட்டாஞ்சேனையிலே அந்தச் சிறிய வீட்டிலே, கணவனின் குடியோடு இருபது ஆண்டுகள் போராடிய அம்மையார், மகனின் கைத்தொலைபேசியை வாங்கி, கண்ணாடி அணிந்து, ஒவ்வொரு திரையாகப் பார்த்தாராம். பாகற்காய்க் கேள்விக்கு விடை சொன்னாராம். கோப்பிக் கேள்விக்கும் சொன்னாராம். எங்கும் தடுமாறவில்லை. அதுகண்டு மகனுக்குப் பெருமை. அடுத்த திரையிலே இலச்சினைகள் வந்தன: பத்துப் பியர் பதிந்தால் வெண்கலம், ஐம்பது பதிந்தால் வெள்ளி, நூறு பதிந்தால் பொன்.

அம்மையார் அதனை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். பின்னர் கேட்டது ஒரே கேள்வி.

"இதிலை, போதும் எண்டு சொல்லுற இடம் எங்கை, தம்பி?"

மகன் திரைகளை முன்னும் பின்னுமாகத் தட்டிப் பார்த்தானாம். அவ்வாறான இடம் ஒன்றுமில்லை. நுழைவதற்கு வழி செய்திருந்தான். திரும்புவதற்கு வழி செய்திருக்கவில்லை. அவ்வளவு கேள்விகள் எழுதிய எமக்கும் அது தோன்றவில்லை. நூலிலே வழி படித்தவர் நாம். அவ்வழியின் முடிவைக் கண்டவர் அவ்வம்மையார்.

"பொன் இலச்சினைக்காரனின்ரை வீட்டிலை ஒரு அம்மா இருப்பா எண்டு நாங்கள் ஒருத்தரும் யோசிக்கேல்லை, சேர்" என்றான் அவன்.

நேயர்களே, இதனைக் கேட்டு நாம் எழுதும் நீதி எளியது. திருக்குறளிலே கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே உண்டு. அதனை வகுப்பிலே ஆண்டுதோறும் கற்பிக்கின்றோம். குடியாதே என்று சொல்வது எமது கடன். அதனை நாம் கைவிடவில்லை. ஆயினும், ரொறன்ரோவிலும் லண்டனிலும் சட்டப்படி வயது வந்த ஒருவன் குடிக்கலாமா வேண்டாமா என்பதைத் தானே தீர்மானிப்பான். அவனுக்கு வழி சொல்லும் கருவி எப்படியும் பிறக்கத்தான் போகின்றது. அதனைச் செய்பவன் யார், எதனை எண்ணிச் செய்கின்றான் என்பதே எஞ்சியிருக்கும் கேள்வி. எத்தனை குடித்தாய் என்று எண்ணிப் பரிசளிப்பது வழிகாட்டலன்று. வழியிலே நிறுத்தி வைப்பது. ஆற்றுப்படுத்தும் பாணன் வள்ளலின் வாயிலைக் காட்டியதும் தன் வழியே போய்விடுகின்றான். கேட்டவனை மீண்டும் மீண்டும் தன்னிடம் வரவழைப்பது அவன் தொழிலன்று.

பையன் தன் மேலாளரிடம் இவற்றை எழுத்திலே கொடுத்தான். வலுவைப் பெரிய எழுத்திலே போடுவதை அவர்கள் உடனே ஏற்றுக்கொண்டார்கள். மதுசாரமற்ற வகைகளும் முன்திரைக்கு வந்துவிட்டன. இலச்சினைகளை முற்றாக நீக்கச் சம்மதிக்கவில்லை. எண்ணிக்கைக்குக் கொடுப்பதை விட்டு, சுவையை இனங்கண்டு எழுதுவோருக்குக் கொடுப்பதாக மாற்றியிருக்கின்றார்கள். அம்மையார் கேட்ட இடம் இன்னும் ஆலோசனையில் இருக்கின்றதாம். அன்று அருந்திய அலகுகளைத் தானே கூட்டிக் காட்டி, இன்றைக்குப் போதும் என்று சொல்லும் ஒரு திரையை அவன் வரைந்து வைத்திருக்கின்றான். அதற்குரிய தமிழ் வசனத்தையும் எம்மிடம் கேட்டான். பல வசனங்களை எழுதி எழுதி அடித்தோம். ஈற்றில், தாயார் சொன்ன அந்த ஒரு சொல்லே நின்றது: "போதும்."

அவன் விடைபெற்றுப் போன பின்னர், எமது மனைவியார் பணியாரத் தட்டை எடுத்துக்கொண்டே, "அந்தப் பிள்ளை படிக்கிற காலத்திலை நீங்கள் ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்" என்றார். நாம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கும் ஒன்றுமில்லை.

இவ்வாண்டு எமது வகுப்பிலே, மூன்றாம் வரிசையிலே, ஒரு பையன் இருக்கின்றான். சில நாட்களாகக் கண் சிவந்து வருகின்றான். கேட்டதற்குத் தூசி என்கின்றான். மறுநாள் திங்கட்கிழமை, மணியடித்து மற்றவர்கள் எல்லாரும் போன பின்னர், அவனை மாத்திரம் நிற்கச் சொன்னோம்.

என்ன பேசினோம் என்பது இப்பத்திக்கு உரியதன்று.